முள் மடியும் நாள்

சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து நின்ற ஒரு மாலையில், மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர்தான் எனக்குக் கிளாத்தியின் பூட்டைக் காட்டினார். குவியலில் உள்ளங்கை அகலத்தில், கருநீல நிறத்தில், பிறைபோல் வளைந்த வாலோடு சில மீன்கள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். வாயைப் பிளந்து பார்த்தால் பற்கள் வெற்றிலை போட்டவை போலச் சிவந்திருந்தன. முதுகில் குத்திட்டு நின்ற முள்ளைக் கட்டைவிரலால் மடக்கப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். விரல்தான் வலித்தது.

"அத அமுக்காத மக்ளே, ஒடிஞ்சாலும் மடங்காது. பின்னால குட்டியா ஒரு முள்ளு நிக்குல்லா, அதத் தொடு" என்றார் பாட்டி.

தொட்டேன். அத்தனை பிடிவாதமாக நின்ற பெரிய முள், ஓசையில்லாமல் முதுகிலிருந்த பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டது.

அதைப் பார்த்த நாளிலிருந்து இந்த மீன்மேல் எனக்குப் பெரிய பிரியம். ஆனால் அந்தப் பாட்டி சொன்னதன் முழுப் பொருள் பிடிபட, என் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் சில மீன்களை இழக்க வேண்டியிருந்தது. கிளாத்தியைப் புதிய தொட்டிக்குக் கொண்டுவருவதில் அவசரப்பட்டு அழுத்திச் செய்யும் எதுவும் பலிப்பதில்லை. எந்த இடத்தில் மெல்லத் தொட வேண்டும் என்பதை அதன் உடம்பும் நீரின் வேதியியலும் மீன்களின் குணமும் நமக்குச் சொல்லித் தருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூட்டிக்கொள்ளும் உடம்பு

கிளாத்திகளின் குடும்பத்துக்கு அறிவியல் வைத்த பெயர் பலிஸ்டிடே. ரோமானியர்கள் போரில் பயன்படுத்திய பலிஸ்டா என்ற எறிபொறியிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் இவற்றை ட்ரிக்கர் ஃபிஷ் என்கிறார்கள். ட்ரிக்கர் என்றால் துப்பாக்கியின் விசை. உலகில் ஏறத்தாழ 40 இனங்கள் உண்டு. பேத்தை மீன்களுக்குத் தூரத்து உறவு.

முதல் முதுகுத்துடுப்பு மூன்று முட்களால் ஆனது. முதல் முள் தடித்தது. இரண்டாவது சிறியது. அந்தச் சிறிய முள்ளின் அடிப்பகுதி பெரிய முள்ளுக்குப் பின்னால் வந்து பொருந்திக்கொள்ளும்போது, கதவுக்குப் பின்னால் முட்டுக்கட்டை வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. முன்னாலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அழுத்தம் எலும்பில் போய் இறங்குமே தவிர, முள் மடங்காது. முட்டுக்கட்டையை விலக்கினால்தான் கதவு திறக்கும். உயிருள்ள மீன் அதைத் தன் தசையால் செய்துகொள்கிறது.

வயிற்றுக்கு அடியிலும் இடுப்பெலும்பு கீழ்நோக்கி நீண்டிருக்கும். பகை மீன் துரத்தினால் கிளாத்தி பாறை இடுக்குக்குள் பாயும். மேலே முள்ளைத் தூக்கும், கீழே இடுப்பெலும்பை இறக்கும். ஆப்பு அடித்தது போல அங்கேயே இறுகிவிடும். வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. இரவில் தூங்குவதும் இப்படித்தான்.

மற்ற உறுப்புகளும் இதே பாதுகாப்பு உணர்வோடு அமைந்தவை. செதில்கள் தட்டுத்தட்டாகப் பொருந்தித் தோல் கெட்டியாக இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் தோலை உரித்துவிட்டுத்தான் குழம்பு வைக்கிறார்கள். கண்கள் வாயிலிருந்து வெகுதூரம் தள்ளி, தலையின் உச்சிக்கருகே இருக்கும். கடல்முள்ளெலியைக் கடிக்கும்போது அதன் ஊசிகள் கண்ணில் பாயாமலிருக்க இந்தத் தூரம் உதவுகிறது. இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். ஒன்று இரையைப் பார்க்க, இன்னொன்று உங்களைப் பார்க்கும். ஒவ்வொரு தாடையிலும் வெளிவரிசையில் உளி போன்ற எட்டுப் பற்கள். நீந்துவது வாலால் அல்ல; முதுகிலும் அடிவயிற்றிலும் உள்ள மென்துடுப்புகளை அலையலையாக அசைத்து முன்னே போகும், பின்னே வரும், நின்ற இடத்திலேயே நிற்கும். வாலை வேகமாக ஓடவேண்டிய நேரத்துக்கென்று வைத்திருக்கும்.

புத்தியும் உண்டு. ஹன்ஸ் ஃபிரிக்கே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1970களில் செங்கடலில் நீலக் கிளாத்தியைக் கவனித்தார். கடல்முள்ளெலியின் மேற்புறம் முழுக்க நீண்ட ஊசிகள், அடிப்புறம் மென்மை. மீன் வாயில் நீரை நிரப்பி முள்ளெலியின் அடியில் பீய்ச்சுகிறது. முள்ளெலி புரண்டதும் மென்மையான பக்கத்தில் பல்லை வைக்கிறது. இப்படி யோசிக்கும் ஒரு பிராணியைத்தான் கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்து வருகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

எந்தக் கிளாத்தி?

கடையில் எல்லாக் கிளாத்திகளும் விரல் நீளத்தில், பொம்மை போல அழகாக இருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது வளர்ந்த மீனை.

கறுப்பு உடம்பில் பெரிய வெள்ளைப் புள்ளிகளும் மஞ்சள் உதடும் கொண்ட கோமாளிக் கிளாத்தி 50 சென்டிமீட்டர் வரை வளரும். சிறுவயதில் அடக்கமாக இருந்துவிட்டு, வளர்ந்தபின் கூட இருப்பவற்றைக் கடித்துக் குதறும். ஆரஞ்சுக் கோடுகள் போட்ட பச்சைக் கிளாத்தி இன்னும் மூர்க்கம். அதற்குத் தனித் தொட்டிதான் சரி. அந்த இனத்தை அறிவியலுக்கு விவரித்தவர் மங்கோ பார்க். ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற அதே பயணிதான். அதற்கு முன் சுமத்ராவுக்குக் கப்பல் மருத்துவராகப் போனபோது பார்த்த மீன்களைப் பற்றி அவர் எழுதியது 1797இல் அச்சானது.

சாதுவானவையும் உண்டு. நீலத்தொண்டைக் கிளாத்தி நடுநீரில் நீந்தி மிதவை உயிர்களைத் தின்பது. பவளம் வளர்ப்பவர்கள்கூட அதை வைத்துக்கொள்ளத் துணிகிறார்கள். சின்னமுட்டத்தில் நான் கையில் எடுத்த செம்பல் கிளாத்தியும் மிதவை உயிர்களை உண்பதுதான். ஆனால் அது அரை மீட்டர் வரை வளரும். நீந்த நீண்ட இடம் கேட்கும்.

நான் தேர்ந்தெடுத்தது பிக்காசோ கிளாத்தி. இந்தோ-பசிபிக் கடல்களின் ஆழமற்ற உப்பங்கழிகளில், மணலும் உடைந்த பவளமும் கலந்த இடத்தில் வாழ்வது. வெளிறிய உடம்பில் தூரிகையால் இழுத்தது போன்ற சாய்ந்த கோடுகள், கண்ணுக்குக் குறுக்கே நீலப் பட்டை, வாயிலிருந்து பின்னோக்கி ஓடும் மஞ்சள் கோடு. கடலில் 30 சென்டிமீட்டர் வரை போகும். குறைந்தது 450 லிட்டர் தொட்டி வேண்டும். என்னுடையது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஏறத்தாழ 680 லிட்டர். ஒரு தொட்டிக்கு ஒரு கிளாத்தி என்பதே பாதுகாப்பான கணக்கு. இறால், நண்டு, நத்தை எல்லாம் அதற்கு இரை என்பதையும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கடையில் மீனைக் காட்டச் சொல்வதோடு நிறுத்தாமல், தீனி போடச் சொல்லிப் பாருங்கள். வயிறு ஒட்டாமல், கண் தெளிவாக, தீனியைப் பார்த்ததும் முன்னே வருகிற மீன்தான் பயணத்தைத் தாங்கும்.

பைக்குள் நடப்பது

என் முதல் கிளாத்தியின் கதையைச் சொல்லியாக வேண்டும். விரல் நீளச் செம்பல் கிளாத்தி. வெளியூரிலிருந்து கடைக்கு வந்த அன்றே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வாயைத் திறந்து, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரை உள்ளே ஊற்றினேன். மெதுவாகச் செய்வது நல்லது என்றுதான் நினைத்தேன். மீன் வேகமாக மூச்சு வாங்கியது. தொட்டியில் விட்டதும் பாறை இடுக்கில் போய்ப் பூட்டிக்கொண்டது. பழைய மீன்கள் அதன் வாலைக் கடிக்கத் தொடங்கின. காப்பாற்ற நினைத்து வலையைவிட்டு இழுத்தேன். வலைக் கண்ணியில் முள் சிக்கியது, துடுப்பு கிழிந்தது. பத்தாம் நாள் தொட்டி முழுக்க வெள்ளைப்புள்ளி. மூன்று வாரத்துக்குள் அதுவும் பழைய மீன்களில் மூன்றும் போய்ச் சேர்ந்தன.

அந்த ஒரு மணி நேரத்தில் பைக்குள் என்ன நடந்தது?

மூடிய பையில் மீன் மூச்சுவிடும்போது கரியமில வாயு நீரில் கரைகிறது. நீர் அமிலத்தன்மை பக்கம் சாய்கிறது. கடல்நீரின் பி.எச். அளவு 8.2 வாக்கில் இருக்கும். நீண்ட பயணம் செய்த பையில் அது 7க்கும் கீழே இறங்கிவிடும். அதே நேரம் மீனின் செவுள்வழி வெளியேறும் அம்மோனியாவும் பையில் சேர்ந்துகொண்டே போகிறது. அது நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. பெரிய கெடுதல் இல்லாதது. இன்னொன்று அயனியாகாத அம்மோனியா. செவுளைத் தாண்டி இரத்தத்தில் புகும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பி.எச். முடிவு செய்கிறது. பி.எச். ஓர் அலகு ஏறினால் நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும்.

ஆக, பை மூடியிருக்கும்வரை அந்த அமிலத்தன்மையே மீனுக்குக் காவல். பையைத் திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறுகிறது. பி.எச். ஏறுகிறது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அம்மோனியம் நஞ்சாக விழித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு நான் பி.எச். கூடிய தொட்டி நீரையும் அதிலேயே ஊற்றினேன். பொறுமை என்று எண்ணி நான் செய்தது, மீனை நஞ்சுநீரில் ஒரு மணி நேரம் பிடித்து வைத்ததுதான்.

சொட்டுச்சொட்டாக நீர் கலக்கும் முறை அரை மணி நேரத் தொலைவிலுள்ள கடையிலிருந்து வரும் மீனுக்குப் பொருந்தும். ஒரு நாள் முழுக்கப் பையிலிருந்த மீனுக்கு வேறு வழி இருக்கிறது. மீன் எந்த உப்பளவில் வருகிறது என்று கடைக்காரரிடம் முன்பே கேட்டு, வீட்டில் அதே உப்பளவில் நீரைத் தயார் செய்து வைக்க வேண்டும். பையைத் திறக்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு திறந்து, உப்பளவை ஒரு முறை சரிபார்த்து, உடனே மீனை மட்டும் மாற்ற வேண்டும். பை நீர் சாக்கடைக்கு. மாற்றுவதற்கு வலை கூடாது. ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். முள் எதிலும் சிக்காது.

உப்பளவுக்கு ஏன் இத்தனை கவனம்? கடல்மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மீனின் உடம்பிலிருந்து நீர் எந்நேரமும் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. அது கடல்நீரைக் குடிக்கிறது; மிகுந்த உப்பைச் செவுள்வழி வெளியேற்றுகிறது. கடல் மீனுக்கும் தாகம் உண்டு. கடைத் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பது வழக்கம். அந்த மீனைத் திடீரென்று லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரில் விட்டால் உடம்பு நீரை இழக்கும் வேகம் கூடிவிடும். இறக்கத்தை மீன் ஓரளவு தாங்கும். ஏற்றத்தை நாள்கணக்கில் பிரித்துத்தான் தர வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 6.2தான். சென்னையின் மே மாதத்தில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 30ஐத் தாண்டிவிடும். புயல் மாதங்களில் மின்சாரம் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சில பகுதிகளில் நாள்கணக்கில் இல்லை. அந்த இரண்டு பருவங்களிலும் நான் புது மீன் கொண்டுவருவதில்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் எப்போதும் தயாராக இருக்கும்.

முப்பது நாள் தனிமை

வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கையை அறிந்துகொண்டால், புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டி ஏன் வேண்டும் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மீனின் தோலுக்கடியில் புகுந்து, 3 முதல் 7 நாள் அதைத் தின்று பெருக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப்புள்ளி இதுதான். பிறகு மீனைவிட்டு இறங்கி, பாறையிலோ மணலிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. மீன்மேல் புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்துவிடுவோம். உண்மையில் அப்போது கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரிந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் 3 முதல் 28 நாளில், அரிதாக 72 நாள் கழித்தும், ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிவரும். வெளிவருவது பெரும்பாலும் இருட்டில், விடிவதற்கு முன். மீன்கள் பாறைக்கருகே அசையாமல் தூங்கும் நேரம் அது. ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை செத்துவிடும். விரிந்த கடலில் அவற்றில் மிகச் சிலவே மீனை எட்டும். கண்ணாடிப் பெட்டியில் எங்கே திரும்பினாலும் மீன்.

இந்தக் கணக்கில் நமக்கும் ஒரு சாவி இருக்கிறது. மீன் இல்லாத தொட்டியில் ஒட்டுண்ணி வாழ முடியாது. முதல் கிளாத்தி போனபின், மிஞ்சிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்து, பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் ஓடவிட்டேன். விளக்கு எரிந்தது, நீர் ஓடியது, உள்ளே மீன் எதுவும் இல்லை. அந்த இரண்டரை மாதம்தான் எனக்குத் தனிமைத் தொட்டியின் அருமையைக் கற்றுத் தந்தது.

பிக்காசோ வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. 100 லிட்டர் வெறும் தொட்டி. அடியில் மணல் இல்லை. நுண்ணுயிர்கள் குடியிருக்கும் லைவ் ராக் பாறையும் இல்லை. அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டுண்ணிக்கும் இடம் கொடுக்கும். பெரிய தொட்டியின் சம்ப் எனப்படும் வடிகட்டித் தொட்டியில் ஒரு மாதம் ஊறிக்கிடந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறியிருந்தன. ஒளிந்துகொள்ள மூன்று பி.வி.சி. குழாய்த் துண்டுகள். எட்டு சென்டிமீட்டர் நீளமே இருந்த அந்த மீன் மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரை ஒட்டிக் கிடந்த குழாய்க்குள் போனது. உள்ளே முள் நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சின்னமுட்டம் நினைவு வந்தது. விளக்கை அணைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

முதல் நாள் தீனி இல்லை. இரண்டாம் நாள் ஒரு துண்டு மட்டிச்சதை வைத்தேன், தொடவில்லை. மூன்றாம் நாள் ஓடு பிளந்த மட்டியை அப்படியே வைத்தேன். குழாயைவிட்டு வெளியே வந்து, நீரைப் பீய்ச்சி ஓட்டைத் திருப்பிப் பார்த்து, கொத்தியது. சாப்பிடத் தொடங்கிய பிறகே மருந்து. கரைந்த தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. கூடினால் மீன் சாகும். அதனால் டெஸ்ட் கிட்டால் தினமும் அளந்து, மூன்று வாரத்துக்குக் குறையாமல் அதே அளவில் வைத்தேன். தாமிரம் பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. பெரிய தொட்டியில் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. மருந்தை எடுத்தபின் இன்னும் ஒரு வாரம் சும்மா கவனித்தேன். ஆக முப்பது நாள்.

இந்த முப்பது நாள் மீனுக்கு நோயிலிருந்து மட்டும் காவல் இல்லை. யாரும் துரத்தாத இடத்தில் அது உடம்பு தேறுகிறது, நம் கையைத் தெரிந்துகொள்கிறது, நாம் தருவதைத் தின்னப் பழகுகிறது. அடுத்து வரும் சோதனைக்குத் தெம்பு வேண்டும்.

ஏற்கெனவே ஆள் இருக்கும் வீடு

பெரிய தொட்டியில் அப்போது ஒரு கோமாளிமீன் ஜோடி, ஒரு டாம்செல், ஒரு பவுடர் ப்ளூ டாங். இந்த நான்காவதுதான் வீட்டின் உரிமையாளர். இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்த அறுவை மீன். வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி போன்ற முள். தொட்டியின் இடது மூலையிலிருந்து வலது மூலைவரை நாள் முழுக்க ரோந்து போகும்.

ஒரு மீன் தன் இடத்தை எப்படிக் காக்கிறது என்பது விலங்கு நடத்தையியலின் பழைய கேள்விகளில் ஒன்று. கொன்ராட் லோரென்ஸ் 1963இல் வெளியான தன் நூலில் ஆக்ரோஷத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதே பவளப்பாறை மீன்களை வைத்துத்தான். சுவரொட்டி போலப் பளிச்சென்ற நிறம் கொண்ட மீன்கள் தங்கள் இனத்தையே அதிகம் தாக்குவதை அவர் கவனித்தார். ஒரே இரை, ஒரே பொந்துக்குப் போட்டியிடுவது சொந்த இனம்தானே. இன்னொன்றும் பல உயிரினங்களில் உறுதியாகியிருக்கிறது. சண்டையில் முன்பே குடியிருப்பவருக்கே பெரும்பாலும் வெற்றி. வந்தவர் சற்றுப் பெரியவராக இருந்தாலும் தயங்குவார், இருப்பவர் தயங்குவதில்லை.

கடலில் தோற்ற மீன் ஓடிவிடும். சண்டை பத்து விநாடியில் முடியும். தொட்டியில் ஓட இடமில்லை. துரத்துபவருக்கோ எதிரி போகவே இல்லை என்று படுகிறது. அதனால் துரத்தல் நிற்பதில்லை. புது மீன்கள் சாவது பெரும்பாலும் கடியால் அல்ல. ஒளிந்து, தின்னாமல், ஓயாத அச்சத்தில் நோய் எதிர்ப்பு குன்றித்தான்.

வழி காட்டுவது இன்னொரு உண்மை. எல்லை காக்கும் உயிர்கள் பக்கத்து எல்லைக்காரரைக் கண்டால் அவ்வளவாகச் சீறுவதில்லை. முன்பின் தெரியாதவரைக் கண்டால்தான் பாய்கின்றன. பறவைகளிலும் மீன்களிலும் இது பலமுறை பார்க்கப்பட்டது. பழகிய எதிரி பாதி எதிரிதான். அப்படியென்றால் சண்டைக்கு வழியில்லாமல் இரண்டையும் பழகவிட வேண்டும்.

அதற்குத்தான் துளையிட்ட அக்ரிலிக் பெட்டி. நீர் உள்ளே போய்வரும், ஒன்றையொன்று பார்க்கும், கடிக்க முடியாது. பிக்காசோவைக் குழாய்த் துண்டோடு சேர்த்து அந்தப் பெட்டிக்குள் வைத்து, பெரிய தொட்டியின் கண்ணாடியில் மாட்டினேன். முதல் நாள் டாங்கின் நிறம் கறுத்தது. பக்கவாட்டில் சாய்ந்து, வால் கத்தியைக் காட்டிக்கொண்டு பெட்டியை மோதியது. அக்ரிலிக்கில் அந்த ஓசை அறை முழுக்கக் கேட்டது. பிக்காசோ முள்ளை நிமிர்த்திக் குழாய்க்குள் கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மோதல் இடைவெளிவிட்டு வந்தது. நான்காம் நாள் டாங் பெட்டியை ஒட்டி நீந்திப்போய், திரும்பிப் பார்த்துவிட்டு, பாசி கொறிக்கப் போய்விட்டது. ஐந்தாம் நாள் வெளியே பாசித்தாளும் உள்ளே இறாலும் ஒரே நேரத்தில் போட்டேன். இரண்டும் அருகருகே, ஒரு தகட்டின் இரு பக்கமாக நின்று தின்றன.

ஆறாம் நாள் காலையில் பாறைகளை மாற்றி அடுக்கினேன். குடியிருப்பவரின் மனத்திலிருக்கும் வரைபடம் கலைந்துவிட்டால், அன்றைக்கு எல்லாருமே புதிதாக வந்தவர்கள்தான். அடுக்கும்போது ஒவ்வொரு பாறையும் மணலின்மேல் இல்லாமல் அடிக்கண்ணாடியிலேயே ஊன்றி நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். கிளாத்தி மணலைத் தோண்டும். மணலை நம்பி நிற்கும் பாறை சரிந்து மீனையோ கண்ணாடியையோ நொறுக்கிவிடும். ஹீட்டருக்கு உறை போட்டேன். ஒயரையும் கடித்துப் பார்க்கும் பல் அது.

மாலையில் டாங்குக்கு வயிறு நிறையத் தீனி. விளக்கைக் குறைத்தபின் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தேன். நான் மீனைத் தொடவில்லை. அது கதவருகே வந்து நின்று, ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் பாறைகளையும் பார்த்தது. இருபது நிமிடம் இருக்கும். பிறகு துடுப்புகளை அலையலையாக அசைத்து, தானாகவே வெளியே போனது.

படுத்துத் தூங்கும் மீன்

மறுநாள் காலையில் மீனைக் காணவில்லை. டார்ச் அடித்துத் தேடினால், பின்பக்கப் பாறைக்கடியில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. புதிதாக வளர்ப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து வலையை எடுக்கிறார்கள். பொறுங்கள். செவுள் மூடி மெல்ல அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். கிளாத்திகள் படுத்துத் தூங்குகிற மீன்கள். பொந்தில் இறுகிக்கொண்டு, சில நேரம் வால் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். வெளிச்சம் ஏறியதும் எழுந்து வரும்.

முதல் இரண்டு வாரம் தீனியைக் குறைவாகவே போட்டேன். கிளாத்தி பெருந்தீனிக்காரன், கழிவும் அதிகம். ஃபில்டரிலுள்ள பாக்டீரியாக்கள் பழைய நான்கு மீன்களின் கணக்குக்குப் பெருகியவை. கூடுதல் அம்மோனியாவுக்கு ஏற்ப அவை பெருக நாள் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று டெஸ்ட் கிட் தொடர்ந்து காட்டிய பிறகே அளவைக் கூட்டினேன். ஓட்டோடு இறால், மட்டி, கணவாய், சிறு நண்டு. உடைக்கவும் திருப்பவும் வேலை இருக்கும் தீனி இதற்கு நல்லது. வேலையில்லாத கிளாத்தி மற்ற மீன்களின் துடுப்பில் வேலை தேடும்.

சில நாள்களில் அது என்னைத் தெரிந்துகொண்டது. நான் வைத்திருக்கும் நீல மூடிபோட்ட டப்பாவைக் கண்டால் கண்ணாடிக்கு வந்துவிடும். வேறு நிற டப்பாவுக்கு வராது. இதில் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மீன்களின் நிறப்பார்வையை அறிய இதே இனத்தைத்தான் பழக்குகிறார்கள். நிறக்குருடைக் கண்டறிய மருத்துவர் நமக்குக் காட்டும் புள்ளி அட்டையைப் போல ஒன்றைக் காட்டுவார்கள். சாம்பல் புள்ளிகளுக்கிடையே நிறம் மாறிய புள்ளியைக் கொத்தினால் தீனி. பிக்காசோ கிளாத்தி கற்றுக்கொண்டு சரியாகக் கொத்துகிறது. மூன்று வகை ஒளியுணர் செல்களின் தகவலையும் ஒப்பிட்டு நிறம் பிரிக்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நாம் அதைப் பார்க்கும் அளவுக்கு அதுவும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டாங் முழுவதும் திருந்திவிடவில்லை. அவ்வப்போது பாயும், பிக்காசோ பொந்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், டாங் சலித்துத் திரும்பும். ஒவ்வொரு முறையும் அந்தப் பூட்டின் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மாலை இரண்டும் புதிய பாறையடுக்கின் நடுவே எதிரெதிரே வந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாங் சற்று ஒதுங்கி இடப்பக்கமாகப் போனது. பிக்காசோ வலப்பக்கமாக வந்து, மணலில் ஒரு வாய் நீர் பீய்ச்சிவிட்டு, அங்கேயே துழாவ ஆரம்பித்தது.

அப்போதுதான் கவனித்தேன். அதன் முதுகு வழவழப்பாக இருந்தது. பையிலிருந்து டப்பாவுக்கு மாறியபோதும், குழாயிலும், அக்ரிலிக் பெட்டியிலும் நிமிர்ந்தே நின்ற அந்த முள், பள்ளத்துக்குள் படுத்திருந்தது. இந்த முறை அதை யாரும் தொடவில்லை. வீட்டுக்கு வந்த நாற்பத்தொன்பதாம் நாள் அது.